நீலியின் முதல் பாதி

களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை எந்தத் தெருவில் நின்றாலும் "நீலிக் கண்ணீரு விடாதட்டீ" என்ற ஏச்சு என்றாவது ஒருநாள் காதில் விழும். மாமியார் மருமகளைச் சொல்வார், அண்ணன் தங்கையைச் சொல்வான், டீச்சர் பிள்ளையைச் சொல்வார். செய்தித்தாளைத் திறந்தால் ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்காரரைப் பார்த்து, மீனவர்களுக்காக நீலிக் கண்ணீர் வடிக்கிறார் என்பார். அங்கே ஆண், பெண் பேதம்கூடக் கிடையாது. இதே வாய்கள்தான் செவ்வாயும் வெள்ளியும் இசக்கியம்மன் நடையில் நின்று "அம்மா, தாயே" என்கின்றன. முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே இருக்கிற அம்மன் கோவிலைத் தாண்டும்போது லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் கணவாயைக் கடக்கிறார்கள். இசக்கியும் நீலியும் ஒருத்திதான் என்பது வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த யாருக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு இசக்கியம்மாள், இசக்கிமுத்து என்று பெயர் வைக்கிறோம். நீலி என்று பெயர் வைத்த வீட்டைப் பார்ப்பது அரிது. ஒரே பெண்ணை ஒரு பெயரால் கும்பிட்டு, மறு பெயரால் ஏசுகிற இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்ற கேள்விதான் இந்தக் கட்டுரை. பக்திக்கு ஒரு கணக்கு, பேச்சுக்கு ஒரு கணக்கு என்று தள்ளிவிட முடியவில்லை. பக்தியும் பேச்சும் ஒரே கதையிலிருந்து வந்தவை. கதையை எங்கே வெட்டினார்கள் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

இந்தக் கதைக்கு இரண்டு ஊர் உண்டு, இரண்டுமே எல்லையோரம். வடக்கே திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர். அந்தத் திருத்தணிப் பக்கம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. தெற்கே நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காடு. இது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து 1956 நவம்பர் 1 அன்று வந்தது. நடுவில் 700 கிலோமீட்டர் போல இருக்கும். கதையில் வரும் ஊர்ப் பெரியவர்கள் தெற்கே கரையாளர்கள், வடக்கே வேளாளர்கள். பெயர்கள் பாடத்துக்குப் பாடம் மாறும். ஆனால் இரண்டிலும் எழுபது பேர், ஒரு வணிகன், ஒரு கள்ளிக் கொம்பு, ஒரு இரவு. இரு முனைகளுக்கும் நடுவில் இருக்கிற தமிழ்நாடு முழுக்க இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டது கண்ணீரை மட்டும்தான்.

எழுபது பேர் செய்த விசாரணை

கதையின் பின்பாதி எல்லாருக்கும் தெரிந்தது என்றாலும், விசாரணையை மட்டும் படிப்படியாகப் பார்க்கவேண்டும். ஒரு வணிகன் பதறிக்கொண்டு ஊருக்குள் வருகிறான். கையில் ஒரு வாள். பேயால் அவனுக்குச் சாவு உண்டு என்று தெரிந்து, காவலுக்கென்று கொடுத்தனுப்பிய வாள் அது. பின்னாலேயே ஒரு பெண், இடுப்பில் குழந்தை. வழியில் கள்ளிக் கொம்பை ஒடித்து அவள் பிள்ளையாக்கிக்கொண்டது கேட்பவர்களுக்குத் தெரியும், ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. அவன் "இது பேய்" என்கிறான். அவள் "இவர் என் புருஷன், வேறொருத்தியின் பின்னால் போய் என்னையும் பிள்ளையையும் கைவிடப் பார்க்கிறார்" என்கிறாள். அழுகிறாள். அந்த அழுகைதான் நம் பழமொழி.

எழுபது பேரும் கண்ணீரைப் பார்த்து ஏமாந்தார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். கதை அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் இரு தரப்பையும் கேட்கிறார்கள். சாட்சி தேடுகிறார்கள். குழந்தையைக் கீழே இறக்கிவிட்டால் அது யாரிடம் போகிறது என்று பார்க்கலாம் என்கிறார்கள். இறக்கிவிடுகிறார்கள். பிள்ளை தத்தித் தத்தி நடந்து வணிகன் காலைக் கட்டிக்கொண்டு "அப்பா" என்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இருந்தாலும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. இருட்டிவிட்டது, இன்று இரவு இருவரும் ஓர் அறையில் தங்கட்டும், காலையில் பேசிக்கொள்ளலாம் என்கிறார்கள். அவள் வாளைக் காட்டி, "இது கையில் இருந்தால் இவர் என்னைக் கொன்றுவிடுவார்" என்கிறாள். ஆயுதம் இல்லாத பெண்ணை ஆயுதம் வைத்திருப்பவனோடு பூட்டக்கூடாது என்பது நியாயம்தானே. வாளை வாங்கி வைக்கிறார்கள். அவன் கதறுகிறான். "உன் உயிருக்கு ஒன்று நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுவோம்" என்று பிணை கொடுக்கிறார்கள். விடிந்து கதவைத் திறந்தால் அவன் வயிறு கிழிந்து கிடக்கிறான். அவள் இல்லை. எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீக்குழியில் இறங்குகிறார்கள்.

இந்த விசாரணையில் முறை எங்கும் தவறவில்லை. இதே நிலையில் இன்று ஒரு பஞ்சாயத்து உட்கார்ந்தாலும் கிட்டத்தட்ட இதையேதான் செய்யும். இன்றைய எழுத்தில் கேடுலகக் கதை என்று ஒரு வகை இருக்கிறதல்லவா, எதிர்காலத்தில் ஓர் அரசு, எல்லாம் சட்டப்படி நடக்கும், மனிதன் நசுங்கிச் சாவான் என்று போகிறவை. அவற்றில் கொடுங்கோலன் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. படிவமும் முத்திரையும் விதியும் சரியாக இருந்தாலே போதும். அந்த வகைக் கதைகளை மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று பேசுபவர்கள் பழையனூர் அம்பலத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாம். முறைப்படி நடந்த ஒரு விசாரணையின் முடிவில் எழுபத்தோரு பிணம்.

ஆனால் என்னை நிறுத்தியது இதுகூட இல்லை. "இதோடு ஒரு அறையில் இருந்தால் நான் செத்துப்போவேன்" என்று ஒருவர் பெரியவர்கள் முன்னால் கதறுகிறார். பெரியவர்கள், "புருஷன் பொண்டாட்டி சண்டை, ஒரு ராத்திரி சேர்ந்திருந்தால் சரியாகிவிடும்" என்று உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்துகிறார்கள். இந்த வாசகத்தை நம் ஊர்களில் யார் சொல்வார்கள், யார் யாரை உள்ளே அனுப்புவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். புகுந்த வீட்டில் அடிபட்டுத் தாய்வீட்டுக்கு வந்து நிற்கிற பெண்ணிடம் எத்தனை திண்ணைகளில் இதே தீர்ப்பைச் சொல்லியிருக்கிறார்கள். கதை ஆளை மாற்றி உட்கார வைத்திருக்கிறது. எந்தப் பெண்ணும் சொல்லி நம்பப்படாத வாக்கியத்தை ஓர் ஆண் சொல்கிறான், அவனும் நம்பப்படவில்லை. அவன் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது தற்செயலாகவும் அல்ல. அதற்குக் காரணம் முதல் பாதியில் இருக்கிறது.

முதல் பாதி இது. போன பிறவியில் அவன் அவளைக் கொன்றவன். வடக்குப் பாடத்தில் காஞ்சிபுரத்து அந்தணன் ஒருவன் காசிக்குப் போய், முன்பே மணமானதை மறைத்து இன்னொருத்தியை மணக்கிறான். ஊர் திரும்பும் வழியில் குட்டு உடையுமே என்று ஆலங்காட்டில் வைத்து அவளைக் கொன்றுவிடுகிறான். தெற்குப் பாடத்தில் அவள் தேவதாசி. அவளிடமிருந்த பொருளையெல்லாம் உறிஞ்சித் தீர்த்தவன், எஞ்சிய நகைக்காகக் கள்ளிச் செடி அருகே தன் மடியில் அசந்து தூங்கினவளைக் கல்லால் அடித்துக் கொல்கிறான். இரண்டிலும் பின்னாலேயே வந்த உடன்பிறந்தானும் செத்துப்போகிறான். இரண்டிலும் பார்த்த சாட்சி கள்ளிச் செடி ஒன்றுதான். அந்தக் கள்ளியின் கொம்பைத்தான் மறுபிறவியில் அவள் பிள்ளையாக்கி இடுப்பில் எடுத்துப் போகிறாள். "இந்த வாள் கையில் இருந்தால் என்னைக் கொன்றுவிடுவார்" என்று அவள் அம்பலத்தில் சொன்னது பொய் என்று எப்படிச் சொல்வது? ஏற்கெனவே ஒருமுறை நடந்தது அது.

அஞ்சிய ஊரும் பெருமைப்பட்ட ஊரும்

கதையை எழுதி வைத்தவர்கள் இந்த முதல் பாதியை என்ன செய்தார்கள்? நமக்குக் கிடைக்கும் பழைய குறிப்பு ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் திருவாலங்காட்டுக்குப் பாடிய பதிகம். "வஞ்சப் படுத்தொருத்தி வாணாள் கொள்ளும் வகைகேட்டு அஞ்சும் பழையனூர்" என்கிறார். ஒருத்தி வஞ்சித்து உயிர் கொண்ட விதத்தைக் கேட்டு ஊர் அஞ்சுகிறது. எழுபது பேர் இங்கே இல்லை. பெருமையும் இல்லை. அச்சம் மட்டும் இருக்கிறது. 14 ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் சேக்கிழார் வரலாற்றைப் பாடும்போது அதே ஊர் வேறு முகத்தோடு வருகிறது. "மாறுகொடு பழையனூர் நீலி செய்த வஞ்சனையால் வணிகன் உயிரிழப்ப", சொன்ன சொல் தவறாமல் எழுபது பேரும் தீயில் முழுகிய வேளாளர் பெருமையை நம்மால் அளந்து சொல்ல முடியுமா என்று கேட்கிறார். அஞ்சிய ஊர் எழுநூறு ஆண்டில் மார்தட்டும் ஊராகிவிட்டது. சேக்கிழாரும் வேளாளர் என்பதால் அவர் குலப்பெருமைக்கு இந்தக் கதை வாகாக வந்து உட்கார்ந்துகொண்டது. கதை ஒன்றுதான். அதைச் சொல்பவர் யாருடைய புகழுக்காகச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து அதன் நடுப்புள்ளி நகர்கிறது.

இரண்டு பாட்டிலும் "வஞ்சம்" அவளுடையது. அவன் இழந்தது உயிர். அவள் முன்பு இழந்த உயிருக்குப் பாட்டில் ஒரு வரிகூட இல்லை. உமாபதியின் பாட்டில் "மாறுகொடு" என்று ஒரே ஒரு சொல் தப்பிப் பிழைத்திருக்கிறது: பகை கொண்டு. எதற்குப் பகை? பாட்டு சொல்லாது. அந்த நாலெழுத்து தாண்டினால் நேரே வஞ்சனைதான். பெரிய கதை ஒன்று சுருங்கும்போது இப்படித்தான் எலும்புத் துண்டு எங்காவது துருத்திக்கொண்டு நிற்கும்.

அதே ஆலங்காட்டில் இன்னொரு பெண்பேயும் உண்டு என்பதை இந்தக் கதை பேசுகிறவர்கள் சேர்த்துப் பார்ப்பதில்லை. காரைக்கால் அம்மையார். அவரும் வணிகன் மனைவி. கணவன் அவரைக் கண்டு பயந்து, சொல்லாமல் கடல் வாணிபம் போய், பாண்டிநாட்டில் இன்னொருத்தியை மணந்துகொண்டவன். அம்மையார் தன் அழகுடலை உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கினார். வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த வயிறுமாக ஒரு பெண்பேய் அலறுகிற காட்டை மூத்த திருப்பதிகத்தில் அவரே பாடியிருக்கிறார். கைவிட்ட கணவனை மன்னித்து விலகிய வணிகன் மனைவி, சிவனே "அம்மையே" என்று அழைக்கும் பேயானாள். கொன்றவனை மன்னிக்காமல், வணிகன் மனைவியாக வந்து நின்றவள் வசவானாள். இரண்டு பேய்க்கும் காடு ஒன்று. ஒரு சமூகம் எந்தப் பேயைக் கோவிலுக்குள் விடும், எதை எல்லைக்கு வெளியே நிறுத்தும் என்று தெரிந்துகொள்ள இதைவிடக் கிட்டத்தில் இரண்டு கதை கிடைக்காது.

சமணர்களும் நீலியை விடவில்லை. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியில், பலியைத் தடுத்த ஒரு முனிவரை விரட்டப் பழையனூர் நீலியைக் கூப்பிடுகிறார்கள். பயமுறுத்தியும் மயக்கியும் முடியாமல், அவரிடமே அறம் கேட்டுச் சமணம் ஏற்று, ஊர் ஊராகப் போய்ப் பிற சமயத்தாரை வாதத்தில் வெல்கிறாள். அழுது நம்பவைத்தவள் தர்க்கம் பேசி நம்பவைக்கிறாள். இங்கேயும் கொலை விசாரிக்கப்படவில்லை என்பது ஒரு குறைதான். ஆனால் அவளுக்கு நாக்கு கொடுத்த பெருமை சமணர்களுக்கு.

வில்லில் கதை தொடங்கும் இடம்

முதல் பாதியைக் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் வில்லுப்பாட்டுக்காரர்கள். அதற்குக் காரணம் அவர்களுடைய தொழில்முறை. வில்லுப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு: காப்பு விருத்தம், வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், பிறகு கதைக்கூறு, கடைசியில் வாழி. நாட்டுவளம் வரும்போது முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் தூங்கிவிழும், பெரியவர்கள் சுக்குக்காப்பி குடிக்க எழுந்துபோவார்கள். ஆறும் வயலும் கமுகும் தென்னையும் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடும் என்று கேலி செய்வார்கள். ஆனால் இந்த வரிசை இருக்கிறவரை குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி கதையை நடுவில் தொடங்க முடியாது. பிறந்த ஊரைச் சொல்லி, பெற்றவளைச் சொல்லி, வளர்ந்ததைச் சொல்லித்தான் கொலைக்கு வரவேண்டும். கொலையைச் சொல்லித்தான் அழுகைக்கு வரவேண்டும்.

கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்து வில்லுக் கதைகளில் இரண்டு இனம் உண்டு. தெய்வமாகவே பிறந்து வந்தவர்களின் கதை ஒன்று. மனுஷனாய்ப் பிறந்து, அநியாயமாகச் செத்து, தெய்வமானவர்களின் கதை இன்னொன்று. அதை வாதைக் கதை என்பார்கள். இந்த இரண்டாவது இனத்தில் கொலைதான் உயிர்நிலை. கோவில் திருவிழாவான கொடையில் முதல் இரவு குடியழைப்பு, மறுநாள் மதியக் கொடை, பிறகு நடுச்சாமத்தில் சாமக்கொடை. கொலை நடக்கும் இடமும் சாமக்கொடையும் ஒன்றாக வந்து விழவேண்டும் என்பது அண்ணாவியின் கணக்கு. இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதை அருகில் இருந்து பார்த்தால்தான் இந்தக் கதை ஊருக்குள் என்ன வேலை செய்கிறது என்று புரியும்.

ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட குழு. வில்லின் வளைந்த தண்டான கதிர் வைரம் பாய்ந்த பனையில் செய்தது, அல்லது மூங்கில். முதுகை மண்குடத்தின் கழுத்தில் கட்டியிருப்பார்கள், நாண் மேலே. கதிரில் வெண்கல மணிகள் தொங்கும். அண்ணாவி இரு கையிலும் வீசுகோலோடு நாணைத் தட்டினால் மணிகள் அத்தனையும் அதிரும். குடக்காரர் குடத்தின் வாயில் பத்தி என்ற மட்டையால் அடிப்பார். உடுக்கை, தாளம், கட்டை பக்கத்தில். பனி இறங்கும் ராத்திரியில் தோல் தளரும். உடுக்கையின் குரல் அமுங்கிவிடும், அனலில் காட்டித்தான் திரும்ப எடுக்கவேண்டும். குடத்தில் வில்லை இறுக்கிக் கட்டினால் கழுத்து விண்டுபோகும், தளர்த்திக் கட்டினால் ஓசை கெட்டுப்போகும். சுடும்போதே கீறல் விழுந்த குடமென்றால் பாதிக் கதையில் உடையும். குடம் உடைந்தால் கூட்டம் அதைச் சகுனமாக எடுத்துக்கொள்ளும் என்பதால், விவரமான குழு தட்டிப் பார்த்து வாங்கிய குடம் ஒன்றை மாற்றுக்கு வைத்திருக்கும்.

கள்ளியங்காட்டுக்குக் கதை வரும்போது வேகம் இறங்கும். அதுவரை பாட்டும் வசனமும் மாறி மாறி வந்தது, இங்கே வசனம் குறைந்துவிடும். நடந்து களைத்தவள் "காலு நோவுது" என்கிறாள். மடியில் படுத்துக்கொள் என்கிறான். அவள் தூங்குகிறாள். இந்தத் தூக்கத்தை அண்ணாவி நீட்டுவார். அவர் கண் வில்லில் இருக்காது, கோவில் நடையில் இருக்கும். அங்கே சாமியாடி மஞ்சள் நீராடி, கமுகம்பூவைக் கையில் பிடித்து நிற்கிறார். அருள் இன்னும் வரவில்லை என்றால் அவன் கல்லைத் தேடுவது, கல்லைத் தூக்குவது, மனசு கேட்காமல் இறக்கி வைப்பது என்று அதே வரிகள் திரும்பத் திரும்ப வரும். சாமியாடியின் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டால் ஒரே அடியில் கல் இறங்கிவிடும். உடுக்கையும் குடமும் பொங்கும். பெண்கள் குலவை போடுவார்கள். செத்தவள் வந்துவிட்டாள். இனி அவள் பேசுவாள், ஊர் கேட்கும். இந்த இடம் தவறினால் கொடை சரியில்லை என்று பேச்சு வரும். சாமியாடிக்கு அருள் வருவதற்கு முன்பே அண்ணாவி கொலையைப் பாடி முடித்துவிட்டால் மேளக்காரர்கள்தான் சரிக்கட்டவேண்டியிருக்கும், கதையின் எடை போய்விடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விசாரணைக் காட்சியில் அருள் வருவதில்லை. பழிவாங்கும் காட்சிக்காகச் சாமக்கொடையை நிறுத்தி வைப்பதும் இல்லை. அவள் அடிபட்டுச் சாகும் இடத்தில்தான் தெய்வம் இறங்குகிறது. பழமொழி எந்த இடத்தை வெட்டி எறிந்ததோ அந்த இடத்தில்தான் கோவில் நிற்கிறது. ஏச்சும் கும்பிடும் ஏன் ஒட்டவில்லை என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

நம் சட்டத்தில் மரண வாக்குமூலம் என்று ஒன்று உண்டு. 1872 ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 32 ஆவது பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியத்தின் 26 ஆவது பிரிவில் இருக்கிறது. செத்துப்போனவரைக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதால், தன் சாவின் காரணம் பற்றி அவர் சொல்லிவைத்ததைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது. சொல்லிவைக்கக்கூட அவகாசம் கிடைக்காமல், தூக்கத்தில் செத்தவளுக்கு யார் வாக்குமூலம் எழுதுவது? வருஷத்துக்கு ஒருமுறை, ஊர் கூடியிருக்க, அவள் செத்த விதத்தை அவள் வாயாலேயே சொல்லவைக்கிற ஏற்பாடு என்று சாமக்கொடையைப் பார்க்கலாம். அதே சாட்சியச் சட்டத்தில் 155 ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு என்று ஒன்றும் இருந்தது; பாலியல் வன்முறை வழக்கில் புகார் சொன்ன பெண்ணின் நடத்தையைக் கிளறி அவள் சாட்சியத்தை உடைக்கலாம் என்றது அது. 2002 கடைசியில்தான் நீக்கினார்கள். பெண் அழுதால் முதலில் கண்ணீரைச் சோதிக்கவேண்டும் என்ற நினைப்பு பழமொழியில் மட்டும் இருக்கவில்லை, சட்டப் புத்தகத்திலும் நூறாண்டுக்கு மேல் இருந்தது.

ஆணி

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்குள் போனால் நீலிக்கு வேறு கதி. கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் 1934 வரை எட்டுப் பாகமாகக் கொண்டுவந்த ஐதிஹ்யமாலை என்ற மலையாளக் கதைத் தொகுப்பில் கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியாரின் கதை வருகிறது. பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட காட்டில் ஒரு யட்சி. அழகியாக வந்து வழிப்போக்கர்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள், கொடுத்தவனின் எலும்புதான் மிஞ்சும். மந்திரம் கற்ற அந்தப் பாதிரியார் வருகிறார். சுண்ணாம்பை ஆணியில் வைத்து நீட்டுகிறார். பிறகு அந்த ஆணியை அவள் உச்சந்தலையில் அறைகிறார். அவள் அடங்கி, சாதாரணப் பெண்ணாகப் பின்னால் நடக்கிறாள். காயங்குளத்தில் உறவுக்காரர் வீட்டில் அவளை விடுகிறார். அங்கே ஒரு கிழவி தலை கோதும்போது ஆணி கையில் தட்டுப்படுகிறது, ஐயோ பாவம் என்று பிடுங்கிவிடுகிறாள். யட்சி பறந்துபோகிறாள். முடிவில் பருமலைப் பக்கத்துப் பனையன்னார்காவில் அமர்த்தப்படுகிறாள். பின்னால் வந்த நாடகங்களும் டிவி தொடர்களும் இவளையே கள்ளியங்காட்டு நீலி ஆக்கிவிட்டன.

தலையில் ஆணி அடித்தால் பேய் வேலைக்காரியாகும் என்பது பாட்டி கதைகளுக்கே உரிய சங்கதி. புராணம்போல இதற்குக் காரணகாரியம் வேண்டாம், ஒரு பொருள் போதும். அவள் ஏன் பேயானாள் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. ஆணி இருக்கிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி. எனக்கு இந்தக் கதையில் பிடித்தவள் கிழவிதான். தலையை வாரிவிட உட்கார்ந்தவளுக்கு மட்டும்தான் ஆணி தெரிகிறது. 2025 ஓணத்துக்கு வந்த ஒரு மலையாள சூப்பர் ஹீரோ படம் நீலியை இந்தக் காலத்துப் பெங்களூரில் இறக்கி, அவளை அரச கொடுமைக்குத் தப்பிய பழங்குடிச் சிறுமியாக ஆக்கியது. பழைய பாடங்கள் எதிலும் இல்லாத முன்கதை. சாதி மாறி, ஊர் மாறி, கொலைகாரனும் மாறிவிட்டான். குறைந்தபட்சம் முன்கதை என்று ஒன்று வேண்டும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறதே, அது பெரிய விஷயம்.

நம் பக்கத்துக் கவலை வேறு. இப்போது கொடை நோட்டீசுகளில் வில்லுப்பாட்டுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். மீதி இன்னிசைக் கச்சேரிக்கும் வாணவேடிக்கைக்கும். இரவெல்லாம் பாடும் கதையை இரண்டு மணியில் முடிக்கவேண்டும் என்றால் எதை வெட்டுவது? விசாரணைக் காட்சியில் சிரிப்பு இருக்கிறது: ஊர்ப் பெரியவர்களின் குரலைப் போலிசெய்யலாம், அவள் அழுகையை இழுத்து இழுத்துப் பாடலாம், பிள்ளை "அப்பா" என்று ஓடும்போது கைதட்டு விழும். ஆகவே அது நிற்கும். கள்ளியங்காட்டுக் கொலையை "முற்பிறவியில் இவளைக் கொன்ற பாவம்" என்று ஒரே வசனத்தில் தாண்டிவிடுவார்கள். பழமொழி செய்த வெட்டையே வில்லும் செய்ய ஆரம்பித்தாகிவிட்டது. கொடை நடத்தும் கமிட்டிக்காரர்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. நேரம் குறைவு என்றால் அண்ணாவியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: காப்புக்கும் குருவடிக்கும் பத்து நிமிடம், நாட்டுவளம் ஐந்து நிமிடம் போதும், எழுபது பேரின் குரலில் நாலு பேர் பேசினால் போதும். கள்ளியங்காட்டுக்கு மட்டும் முக்கால் மணி ஒதுக்குங்கள். சாமக்கொடை பன்னிரண்டுக்கு என்றால் பதினொன்றே காலுக்குள் அவள் நடந்து களைத்து, மடியில் தலை வைத்திருக்கவேண்டும்.